தெளிக்காத ஆறு பாத்திகள்

என் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைத்த கடைசிக் கால நீட்டிப்பு பங்குனியோடு முடிவதாக இருந்தது. மாசி பிறந்தபோது என் கையில் ஓர் எண் மட்டுமே இருந்தது.

திருவாதவூரில் ஓர் உழவரின் வயலில் பன்னிரண்டு பாத்திகளை ஒதுக்கி, ஆறுக்கு நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, ஆறை வெறுமனே விட்டு, விளைந்த நெல்லை எடைபோட்டிருந்தேன். தெளித்தவை சற்றே கூடுதலாக விளைந்திருந்தன. அது கரைசலின் பயனா என்பதற்குப் புள்ளியியலின் பி-மதிப்பு நேராக விடை கூறுவதில்லை. கரைசலுக்குப் பயனே இல்லையென்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேற்பட்டோ வேறுபாடு தற்செயலாகவே தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டுமே அது கூறும். எனக்கு வந்தது நூற்றுக்குப் பதினெட்டு. எங்கள் துறை ஏற்பது ஐந்துக்குக் கீழே.

தல்லாகுளத்தில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் கணினித்திரையை எட்டிப் பார்த்தான். "மாப்ள, தெளிக்காததுல ரெண்டு பாத்தி எகிறி நிக்குதுல்ல, அதத் தூக்கிரு. பக்கத்து வய உரத்தண்ணி பாஞ்சுருச்சுன்னு எழுது. எவன் வந்து வரப்புல ஒக்காந்து பாக்கப் போறான்?"

நீக்கிப் பார்த்தேன். பதினெட்டு நான்காயிற்று. அந்த நான்கை அழிக்கவும் மனமில்லை, எழுதவும் கை வரவில்லை. தண்ணீர் மெய்யாகவே பாய்ந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தோடு மறுநாள் காலை பேருந்து ஏறினேன்.

உழவரிடம் கேட்டேன்.

"பக்கத்து வயத் தண்ணியெல்லாம் வரல தம்பி. நாந்தேன் கரைசல ஊத்துனேன். நீங்க விட்டுட்டுப் போன கேன்ல பாதி மிச்சமிருந்துச்சு."

"இந்த இரண்டுக்குமா?"

"ஆறுக்குந்தேன். பந்தியில ஒக்கார வச்சுட்டு, ஒரு எலைக்குப் போட்டு மறு எலையத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்?"

இரண்டை மட்டும் நேர்மையாகவே நீக்கலாம் என ஒரு நொடி எழுந்த நினைப்பு அந்தச் சொல்லோடு அவிந்தது. தெளிக்காத பாத்தி என்று ஒன்றுமே இல்லை. பதினெட்டும் பொருளற்றது, நான்கும் பொருளற்றது. கேனை அவர் வீட்டில் விட்டுவந்தவன் நான். ஆறு பாத்திகள் ஏன் வெறுமனே இருக்கவேண்டும் என்று அவருக்கு ஒருமுறைகூடச் சொல்லாதவனும் நானே. அடுத்த விதைப்புக்குப் புரட்டாசி வரவேண்டும்.

"ஏந் தம்பி மொகம் வாடிப்போச்சு? நெல்லு நல்லாத்தான வெளஞ்சுச்சு?"

நன்றாகத்தான் விளைந்தது என்றேன். வரப்பில் உட்கார்ந்தேன். எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை.