காட்டுக்கோழி கிளறிய சரிவு

காலை 5.10. ராகலை நகரில் அந்நேரத்துக்கு ஒரே ஒரு ஆட்டோதான் நின்றது. தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், எண்ணூறு ரூபாய் என்றார் ஓட்டுநர் சிவா. பேரம் பேசாமல் ஏறிக்கொண்டேன்.

“வீட்டுக் கோழிக்குத் தவிடு வைக்க எழுந்திருக்காத மனுஷன், காட்டுக்கோழி பார்க்கக் கடல் தாண்டிப் போறார்” என்று துறையூரில் கிளம்பும்போதே என் மனைவி கிண்டல் செய்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இலங்கையில் மட்டுமே வாழும் அந்தப் பறவைக்காக நுவரெலியாவில் நான்கு நாள் அலைந்து, ஒரு வால் இறகைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் எரிச்சலோடு ராகலைக்கு வந்திருந்தேன்.

“காட்டுக்கோழின்னா செல்வராசு அண்ணன்தான் சார். அது எப்ப வரும், எங்க கிளறும், எல்லாம் அவருக்கு அத்துப்படி” என்றார் சிவா. அப்போதே அவருக்குப் போன் போட்டார்.

5.35. செல்வராசு பாதையோரம் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். குரங்குக் குல்லா, தோளில் மம்பட்டி. பாம்புக்காக என்று நினைத்துக்கொண்டேன். தேயிலைக்கு நடுவே மூவரும் கால் மணி நேரம் ஏறினோம். காட்டை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை செம்மண் சரிந்து கிடந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

“மொதல்ல சேவல் மரத்துல இருந்து கூவும் சார். ஆள் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் எறங்கும். பொட்டை பின்னாடி வரும். அசையாதீங்க.”

சொன்னபடியே நடந்தது. நம் சேவல் போல நீட்டி முழக்காமல் வெட்டி வெட்டிக் கூவிவிட்டு இறங்கியது. ஆரஞ்சு உடம்பு, கருநீல வால், சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள். தவிட்டு நிறப் பெட்டைகள் மூன்று வந்தன. இரவில் கிளையில் அடைந்தாலும் இவற்றின் பிழைப்பு முழுக்கத் தரையில்தான்: விதை, கறையான், புழு. இரண்டு காலாலும் மண்ணை வாரி, ஒரு எட்டு பின்வாங்கி, குனிந்து பொறுக்கின. இருபதடி தூரத்தில்! அடுத்தடுத்துப் படமெடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

“இந்த வெட்டவெளிக்கு எப்படி வருது?”

“மண்ணு புதுசு சார்” என்றார். “இங்கதான் எங்க லயம் இருந்திச்சு.”

அவராகவே சொன்னார். ஏழு வாரத்துக்கு முந்தைய மழையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளருக்கு ஒரே வரிசையாகக் கட்டிய அந்த லயத்து வீடுகளை மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர். பெக்கோ இயந்திரம் நான்கு நாள் தோண்டி ஏழு பேரை எடுத்துவிட்டுப் போய்விட்டது. எட்டாவது ஆள் செல்வராசுவின் மனைவி சரோஜா.

“மக கருமாதி செய்ய விடமாட்டேங்குறா. அம்மாவக் காட்டுங்கங்குறா. நான் எதக் காட்டுறது? முன்னாடி இதுகளக் கண்ணி வச்சுப் புடிச்சுத் தின்னவன் நான். அழுகினது இருக்கற எடத்துல புழு சேரும், அங்க இதுக ரொம்ப நேரம் நிக்கும். அதான், ஒருத்தரும் கண்ணி வைக்கக் கூடாதுன்னு எல்லார் கால்லயும் விழுந்தேன். இதுக போனதும் கிளறின எடத்த வெட்டிப் பாப்பேன். ஏழு மணிக்குப் பெரட்டு, பேர் கொடுத்து வேலைக்குப் போகணும்.”

அவ்வளவு நேரமும் நான் எதைப் பார்த்துப் பூரித்தேன் என்று புரிந்தபோது, என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

6.30. கோழிகள் காட்டுக்குள் போயின. “படத்தக் கொஞ்சம் காட்டுங்க சார்” என்றார். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஒரு பெட்டையின் காலடியில் நீலமாக ஏதோ துணுக்கு. அவர் கேமராவை வாங்கி உற்றுப் பார்த்து, திரும்ப என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அது படங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. மூலையில் சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

“அவ தச்சது. கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கும்.” பிறகு, “அப்ப வீடு இங்க சரிஞ்சு வந்திருக்கு” என்றார். இத்தனை நாளும் நாற்பதடி தள்ளி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று அவர் பெரட்டுக்குப் போகவில்லை. சிவா கீழே போய் ஆட்களைக் கூட்டி வந்தார். நானும் மண் அள்ளினேன்.

9.40. சரோஜா கிடைத்தாள். மூடுவதற்குச் செல்வராசு என் சால்வையைக் கேட்டார், கொடுத்தேன். பன்னிரண்டு வயது மகளைப் பெண்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. படங்கை மட்டும் கையில் கொடுத்தார். அவள் சிவப்பு நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, “சரிப்பா” என்றாள்.

மேலே காட்டில் சேவல் கூவியது. செல்வராசு நிமிர்ந்து பார்த்தார்.

“இனிமே கண்ணி வைக்கிறவங்க வச்சுக்கங்க” என்றார்.

மறுநாள் நானுஓயாவில் ரயிலேறும்போது கேமராவைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் அதில் இருக்கின்றன. ஒன்றையும் இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

துறையூரில் இப்போது கோழிக்கு நான்தான் தவிடு வைக்கிறேன். மனைவிக்கு ஆச்சரியம். கோழிகள் தின்று முடித்துக் குப்பைமேட்டில் ஏறிக் கிளற ஆரம்பித்ததும், நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.