கதவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலையிலேயே சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியிலிருந்து போன். ஊழியர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தின் கதவு யார் கார்டைக் காட்டினாலும் திறக்கவில்லையாம். கார்டு காட்டினால் திறக்கும் கதவுகளை நெட்வொர்க்கில் சேர்த்துவிடுவது என் பிழைப்பு. அந்தக் கட்டடத்தில் அவற்றை மாட்டியது வேறு யாரோ. ரிப்பேர் மட்டும் என் தலையில்.

போய்ப் பார்த்தால், கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் அட்மின் அதிகாரி. அவருக்குச் சற்றுத் தள்ளி, புதுப்பட்டினத்திலிருந்து பஸ் மாறி வந்து போகும் காப்பக ஆயா. நான் பையை இறக்குவதற்குள் அதிகாரி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"பூஜையன்னிக்கு இந்தம்மா கார்டு ரீடர்ல சந்தனம் குங்குமத்த அப்பிட்டாங்க. மெஷின் போச்சு. கார்டை வாங்கிட்டேன் மேடம். நாளையிலேருந்து வேற ஆள்."

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிகினு இருந்தாங்கம்மா. புள்ளைங்க வந்து போற கதவாச்சேன்னு நானும் வெச்சேன்," என்றார் ஆயா. "தொடச்சுட்டேன், அப்பவும் தொறக்கல. இந்த வேலய வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

எனக்குச் சுருக்கென்றது. லிஃப்ட்டில் பொட்டு, பிரிண்டரில் பொட்டு, அதிகாரியின் லேப்டாப்பில்கூடப் பொட்டு. அதற்கெல்லாம் யார் வேலையும் போகவில்லை.

ரீடரில் என் சோதனைக் கார்டை வைத்தேன். 'பீப்' என்றது. நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறக்கும் பெட்டிதான் சர்வரோடு பேசவில்லை.

"பூஜைக்கு மெயின ஆஃப் பண்ணீங்களா சார்?"

"பின்னே? ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்கணுமில்ல? நான்தான் மொத்தத்தையும் அணைக்கச் சொன்னேன்."

அடக் கடவுளே! விஷயம் அங்கேதான் இருந்தது. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு; அந்தப் பெட்டிக்கு அதை நிலையாகக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். கரண்ட் வந்ததும் எது முந்திக்கொள்கிறதோ அதற்கு முதல் முகவரி. அன்று முந்திக்கொண்டது ரிசப்ஷன் டிவி. கதவின் பழைய முகவரி டிவிக்குப் போய்விட்டது. யாராவது கார்டைக் காட்டினால் சர்வர் டிவியைப் பார்த்து, "கதவைத் திற, கதவைத் திற" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பெட்டிக்கு யாரும் பிடுங்க முடியாத ஒரு முகவரியைப் போட்டு, சர்வரிலும் அதையே பதிந்தேன். நடந்ததை அதிகாரிக்கு விளக்கினேன். "ஓ, அப்படியா," என்றவர் சோதித்துப் பார்க்கத் தன் கார்டை எடுத்தார்.

"உங்க கார்டு வேணாம் சார். அவங்க கார்டைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். ஆயா கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு, 'டக்' என்று ஒரு சத்தம். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பொடிசு ஓடிவந்து அவர் புடவையைப் பிடித்துக்கொண்டது.

கார்டைத் திரும்ப வாங்க அதிகாரி கையை நீட்டினார், பழக்கதோஷம். ஆயா அவரைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆயா கார்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அதிகாரி நீட்டிய கையை மடக்கிப் போனை எடுத்தார். "நாளைக்கு ஆள் அனுப்ப வேணாம்," என்றார்.