பாண் தோலும் நனைந்த அட்டைப்பெட்டியும்

பியர் விற்கிற வேலையில் பாதி, யாரோ நமக்குச் சொன்னதை நாம் இன்னொருவருக்குச் சொல்வது. அதனால் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதையின் தொடக்கத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. லண்டனில், இல்ஃபோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பெரியம்மாவின் மகன் சொல்லிக் கேட்டேன். வால்தம்ஸ்டோவில் அருள் அண்ணை என்று ஒருவர் பியர்க் கடை வைத்திருக்கிறார், ஜெர்மன் பாணி இலையுதிர்கால லாகர் பியர் ஐந்தை வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டால் ஐந்தின் பெயரையும் சொல்லிவிடுவார் என்றான். அவர் கடையில் ஆள் தேவை என்றும் சொன்னான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. உயிர்வேதியியல். வேலைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத வருஷம் அது. கோயிலில் யாரும் கேட்டால் அம்மா, "ஷொப்பிலதான், ஆனா மனேஜ்மென்ட் பக்கம்" என்பார். தெரியாத ஒன்றைத் தெரிந்த முகத்தோடு கவுண்டருக்குப் பின்னால் நின்று விற்றவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

செம்பு நிறம், பொன் நிறம்

செப்டம்பர் பிறந்தால் முன் அலமாரி முழுவதும் இலையுதிர்கால லாகர்தான். இரண்டு வகை. ஒன்று மார்ட்சன்: செம்பு நிறம், வறுத்த தானியத்தின் இனிப்பு. மார்ச் மாதத்தில் காய்ச்சி, கோடை முழுவதும் குளிரில் கிடத்தி, இலை உதிரும்போது திறக்கிறது என்பதால் அந்தப் பெயர். மற்றது ஃபெஸ்ட்பியர்: வெளிர் பொன் நிறம், வயிற்றுக்கு இலேசு. மியூனிக் ஒக்டோபர் திருவிழாக் கூடாரங்களில் இப்போது பெரும்பாலும் ஊற்றுவது இதைத்தான். லண்டனில் காய்ச்சுகிறவர்களும் இரண்டையும் செய்து பார்க்கிறார்கள்.

முதல் வாரத்தில் ஒரு பெண் வந்து, இதில் எது உண்மையான ஒக்டோபர் பியர் என்று கேட்டார். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டின் வரலாற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வசனத்திலும் "பெரும்பாலும்", "பொதுவாக" என்று போட்டுக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைக்கு எட்டிய போத்தலை எடுத்தார். "நன்றி. நான் பியர் வாங்கத்தான் வந்தேன், பரீட்சை எழுத இல்லை."

சீட்டு

எங்கள் கடையில் ஒவ்வொரு போத்தலுக்குக் கீழும் கையால் எழுதிய சிறிய சீட்டு ஒன்று இருக்கும். இரண்டு வரி ருசி. அதன் கீழே "சுவைத்தவர்: அருள்". பெரிய கடைகளில் இதே போத்தல்கள் கிடைக்கும்போதும் ஆட்கள் எங்களிடம் வந்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். அருள் அண்ணை கிளாஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒரு மிடறு குடிப்பார், கண்ணை மூடுவார். பிறகு சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும்.

நானும் அதே கிளாஸில் கொஞ்சம் குடித்துப் பழகினேன். குளிர்பெட்டியில் இருந்து எடுத்து உடனே குடித்தால் எல்லாம் ஒரே குளிர்தான். ஒரு பத்து நிமிஷம் மேசையில் விட்டால் செம்பு நிறத்தில் பேக்கரிப் பாணின் கருகிய ஓரம் மெல்ல மேலே வரும், பொன் நிறத்தில் தேனும் புல்லும் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வாரத்தின் நாலாவது போத்தல், பவேரியாவில் இருந்து வந்த ஒரு மார்ட்சன், எனக்கு வேறுவிதமாக இருந்தது. மழையில் விட்ட அட்டைப்பெட்டியை வாயில் வைத்தமாதிரி. பியர் பழசானால், அல்லது வழியில் சூடுபட்டால், அந்த ருசி வரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் பக்கத்தில் இருப்பவரின் விடை வேறாக இருந்தால் என்னுடையதை அழித்துவிடுகிற பழக்கம் எனக்கு. இருந்தாலும் கேட்டேன். "அண்ணை, இது கொஞ்சம் அட்டைப்பெட்டி மாதிரி இல்லையே?" அவர் இன்னொரு மிடறு குடித்தார், லேபிளைப் பார்த்தார். "புதுப் பாண் தோல், கடைசியில கொஞ்சம் தேன். பன்ரண்டு வருஷமா இந்தக் கடை நடத்துறன் பிள்ளை, எழுது." எழுதினேன்.

பால்

கடைக்குப் பின்னால் தேநீர் போடுகிற மூலை ஒன்று இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது அருள் அண்ணை ஏற்கெனவே பால் தேநீரில் பாதிக் கோப்பை குடித்து முடித்திருந்தார். எனக்கும் ஊற்றலாம் என்று அதே பால் போத்தலைத் திறந்ததும் புளித்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வார இறுதி முழுவதும் குளிர்பெட்டிக்கு வெளியே நின்ற பால். சரக்கு இறக்க வந்த சாரதி கதவடியிலேயே நின்றுவிட்டார். நான் பாலைத் தொட்டியில் ஊற்றினேன். வீணாக்கக்கூடாது என்று குடிக்கிறாராக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலும் அப்படிச் செய்வார்கள். கேட்டது சாரதிதான். "அருள், உனக்கு மூக்கு இருக்கா, இல்லையா?"

ஆறு போத்தல்

கிரஹாம் ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர், எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர். ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுகளை நின்று வாசித்து, ஒரே வகையில் ஆறு வாங்குவார். அந்த வருஷம் பவேரியா மார்ட்சனை வாங்கியவர் இரண்டு நாளில் ஐந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். சண்டை பிடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அருள் அண்ணை வெளியே போயிருந்தார். நான் கிரஹாமின் முன்னாலேயே புதிதாக ஒன்றைத் திறந்து குடித்தேன். அதே அட்டைப்பெட்டி. வேறு வகையில் ஐந்து எடுத்துக் கொடுத்து, அந்தச் சீட்டை எழுதியது நான் என்று சொன்னேன். கையெழுத்தைப் பற்றித் தான் கேட்கவில்லை, சுவைத்தவர் அருள் என்று இருக்கிறதே என்றார் அவர்.

அருள் அண்ணை திரும்பி வந்ததும் நடந்ததைச் சொல்லி, சீட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "அது ஒரு ஆளின்ர நாக்குத்தானே. சீட்டு இருக்கட்டும்" என்றுவிட்டுப் போய்விட்டார். நான் கழற்றவில்லை. ஆனால் அந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் கிரஹாம் போகும்போது சொன்னது காதில் கேட்டது. "சீட்டில் பாண் என்று இருக்கிறது. இது அந்தப் பாண் வந்த பெட்டி."

கறுப்புக் கோப்பைகள்

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கடையில் ஐந்து லாகரை ஒப்பிட்டுக் குடிக்கிற வழக்கம். பழைய வாடிக்கையாளர்கள் பதினைந்து பேர் அளவில் வருவார்கள். ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தித் தாளில் எழுதுவார்கள். அதற்கு முதல் அருள் அண்ணை ஐந்தையும் குடித்து, எது எது என்று சொல்லவேண்டும். அதைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருவது.

மற்ற வருஷங்களில் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுவார்களாம், வெளிறியது முதலில், செம்பு கடைசியில். நிறமும் வரிசையுமே விடையைச் சொல்லிவிடும், எனக்கு அது நீதியாகப் படவில்லை. கிரஹாமின் முறைப்பாட்டுக்குப் பிறகு, அண்ணையின் நாக்கை எல்லோரும் சந்தேகமில்லாமல் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். ஆய்வுகூடத்தில் படித்தபடி செய்தேன். நிறம் தெரியாத கறுப்புக் காகிதக் கோப்பைகள், அடியில் இலக்கம், வரிசை கலைத்தது. எது எது என்ற பட்டியல் என் சட்டைப் பையில். சீட்டு மாறாத பவேரியா மார்ட்சனும் அதில் ஒன்று, மூன்றாம் இலக்கம். அவருக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அருள் அண்ணை மேசையைப் பார்த்தார். "கிளாஸ் எங்க பிள்ளை?" இது நீதியா இருக்கும் அண்ணை என்றேன். அவர் முதல் கோப்பையை எடுத்து முகர்ந்தார், குடித்தார், வைத்தார். இரண்டாவது. தண்ணீர் குடித்தார். மூன்றாவது. கார்த்திக் என்று சென்னைக்காரர் ஒருவர், ஐ.டி.யில் வேலை, ஹரோவில் இருந்து ரயில் மாறி வருகிறவர், "அண்ணா, சீக்கிரம் சொல்லுங்க, உங்களைப் பாத்துத்தான் நாங்க காப்பி அடிக்கணும்" என்று சொல்லி, அதை ஆங்கிலத்திலும் திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அருள் அண்ணை சிரிக்கவில்லை. அவர் பார்வை என் சட்டைப் பைக்கு வந்து நின்றது. அப்போதுதான் எனக்குப் பாலும் சீட்டும் ஒன்றாக விளங்கின. நான் பட்டியலை எடுத்து மறைவாகக் காட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. என் கை பையில் இருந்தது. எடுக்க முடியவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

"இந்த முறை ஜெனி சொல்லுவா" என்று என்னைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார் அவர். ஊற்றியது நான், பெயர் எனக்குத் தெரியும், அது சரியில்லை என்றேன். பேர் வேண்டாம், ருசியைச் சொல்லு என்றார். சொன்னேன். ஒன்று தேன், பச்சைப் புல். இரண்டு வறுத்த தானியம், கொஞ்சம் கைப்பு. மூன்றாவது கோப்பையைத் தள்ளி வைத்தேன். "மூன்று கெட்டுப்போன பியர். நனைந்த அட்டைப்பெட்டி. எங்கள் சீட்டில் இருப்பது பிழை, அதை எழுதியது நான்." கிரஹாம் தலையாட்டினார். அருள் அண்ணை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, ஆங்கிலேயருக்கு விளங்காது என்ற துணிவில், கார்த்திக் நிற்பதை மறந்து, தமிழில் எனக்குச் சொன்னார். கார்த்திக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. "எனக்கு ஐஞ்சும் ஒண்டுதான் பிள்ளை."

முதுகு

எல்லோரும் போனபிறகும் கார்த்திக் நின்று கோப்பைகளைப் பொறுக்கித் தந்தார். கதவடியில், "நான் எதையும் கேக்கலை அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அருள் அண்ணை பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். கொரோனா வந்து போனதில் இருந்து அவருக்கு மணமே தெரியாதாம். இனிப்பும் கைப்பும் உப்பும் தெரியும், மிச்சமெல்லாம் தண்ணீர். மனைவிக்கே ஒரு வருஷம் சொல்லவில்லையாம். "என்ர நாக்கை நம்பித்தானே சனம் வருது. அது இல்லையெண்டா இது வெறும் மூலைக்கடை" என்றார். பிறகு, இனி நான் சுவைத்து எழுதவேண்டும், பெயர் மட்டும் அவருடையதாக இருக்கட்டும் என்று கேட்டார். கெஞ்சுகிறமாதிரி. எனக்கு அந்த வேலை தேவை. கண் கலங்கிவிட்டது. ஏலாது அண்ணை என்றேன். "நீ ஆர், கோட்டு நீதவானோ?" என்று எழும்பிப் போனார்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மாவிடம் வேலை போகப்போகிறது என்று எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரிவரியாக யோசித்தேன். நாலாம் நாள் காலை வந்தபோது பவேரியா மார்ட்சன் அலமாரியில் இல்லை. மற்ற நாலுக்கும் புதுச் சீட்டு, அவருடைய கோணல் எழுத்தில். நான் சனிக்கிழமை சொன்ன வார்த்தைகள் அப்படியே. கீழே: "சுவைத்தவர்: ஜெனி. பெட்டி தூக்கியவர்: அருள்." கிரஹாம் வந்து வாசித்தபோது அருள் அண்ணை தானாகவே ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார், காய்ச்சலைப் பற்றி, மணமில்லாத மூன்று வருஷத்தைப் பற்றி. கிரஹாம் அவருக்குக் கை கொடுத்தார். பிறகு என் பெயர் இருந்த சீட்டைப் பார்த்து ஆறு போத்தல் எடுத்தார். அவர் போனதும் அருள் அண்ணை நிலவறையில் இருந்து அடுத்த பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். "மூக்குத்தான் போச்சு. முதுகு இருக்கு."

நிலவறையில் ஒரு பெட்டி

அந்தக் குளிர்காலம் நிலவறையைத் துப்புரவாக்கும்போது பழைய சீட்டுகள் நிறைந்த பெட்டி ஒன்று கிடைத்தது. வருஷவாரியாக அடுக்கிப் பார்த்தேன். கடைசி மூன்று இலையுதிர்காலத்திலும் ஒவ்வொரு பியருக்கும் வருஷாவருஷம் அதே வசனம்தான், கமா கூட மாறவில்லை. நினைவில் இருந்து சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய வருஷங்களில் ஒரு சீட்டாவது இன்னொன்றைப் போல இல்லை. ஒரே பியருக்கே ஒரு வருஷம் "வறுத்த கச்சான் கடலை", அடுத்த வருஷம் "இந்த முறை ஏமாற்றம், வாங்கவேண்டாம்". அடியில் மடித்த தாள் ஒன்று: பெரியம்மாவின் மகன் சொன்ன, கொரோனாவுக்கு முந்திய அந்தக் கண் கட்டிய சனிக்கிழமையின் முடிவு, பார்த்தவர்களின் கையெழுத்தோடு. ஐந்தில் நாலு சரி. ஒரு பொன் நிறத்தை இன்னொரு பொன் நிறமாகச் சொல்லியிருந்தார், அதைத் தானே சிவப்புப் பேனாவால் சுற்றியும் இருந்தார்.

பெரியம்மாவின் மகனிடம் இதைச் சொல்லித் திருத்தப் பார்த்தேன், ஆனால் இல்ஃபோர்ட்டில் அருள் அண்ணை இன்றைக்கும் ஐந்துக்கு ஐந்துதான்.