மீன் என்று எழுதப்பட்ட கோழி

விதி இதுதான்: ஓர் ஆய்வு முடிவை எடுத்துச் சொன்னால், அந்த ஆய்வைச் செய்தவரையே மேற்கோள் காட்ட வேண்டும். பலருடைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் ‘ரிவ்யூ’ கட்டுரையைக் காட்டுவது, தொகுத்தவரின் சொந்தப் பார்வையைச் சொல்லும்போது மட்டும்.

மாணவர்களின் ஆய்வேடுகளைச் சரிபார்த்தே பல்கலைக்கழகத்தில் ரிட்டையர் ஆனவன் நான். இந்த விதியை மதித்தவர்களை... விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் பாயான் பாரு பிளாட்டில் கீழ்வீட்டு மாலதி, பேக்டரி வேலைக்கு நடுவே மாஸ்டர்ஸ் படிக்கிறார். தன் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். ‘ஜாதிக்காய்த் தோல் சாறு மீனைக் கெடாமல் காக்கும்’ என்று ஒரு வரி. ஆதாரம், ஒரு ரிவ்யூ.

மூல ஆய்வைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

“எல்லாரும் இதைத்தான் போடுறாங்க அண்ணே. எழுதினது என் சூப்பர்வைசர் லா.”

ஆக, இது மேற்கோள் அல்ல – மொய்.

நான் விடுவேனா? மூலத்தைத் தேடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனவர், மறுநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஆய்வு முழுக்கக் கோழி இறைச்சி. மீன் வாசனையே இல்லை! சூப்பர்வைசர் கை தவறி மீன் என்று எழுத, அவரை நம்பியவர்களின் கட்டுரைகளில் எல்லாம் அந்த மீன் நீந்திக்கொண்டிருக்கிறது.

“இப்போ சந்தோஷமா? நீங்க ரிட்டையர் ஆயாச்சு. கையெழுத்து வேண்டியது எனக்கு.”

நியாயம்தான். சூப்பர்வைசரின் கையெழுத்து இல்லாமல் கட்டுரை போகாது. செமஸ்டர் முடிவதற்குள் போகாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். பேக்டரியில் காத்திருக்கும் ப்ரமோஷன் அதுவரை காத்திருக்குமா?

கோழிக்கு மூல ஆய்வு, துறையின் பொதுப் பார்வைக்கு ரிவ்யூ என்று பிரித்துப் போடச் சொன்னேன். சூப்பர்வைசருக்கு ஈமெயிலும் எழுதிக் கொடுத்தேன் – ‘தவறு’ என்ற சொல்லே வராமல். என்னுடைய ‘பணிவுடன்’களில் பாதியை வெட்டிவிட்டு அனுப்பினார் மாலதி.

பதில் இல்லை. வாரங்கள் போயின. லிப்டில் என்னைக் கண்டால் மாலதி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே மனசு கேட்கவில்லை. விதியாவது ஒன்றாவது, பழையபடி மீன் என்றே விட்டுவிடுங்கள் என்றேன்.

“படிச்சிட்டேனே அண்ணே. இனிமே எப்படி மீன்னு எழுதறது?”

சூப்பர்வைசரின் பதில், கையெழுத்தோடு, ஒரே வரியில் வந்தது: ‘கோழிதான். என் ரிவ்யூவையும் திருத்துகிறேன்.’

வந்த தேதி? செமஸ்டரின் கடைசி வெள்ளிக்கிழமை – ஜும்மா தொழுகை இடைவேளை முடிந்து ஆபீஸ் மறுபடி திறந்த பிறகு. மாலை அது மூடுவதற்குள் கட்டுரை போய்விட்டது.