போட்டிக் கம்பெனிக்குள் ஒரு மதியம்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. கார்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்கிறோம். எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நாங்கள் கணக்குக் காட்டி, அதைக் குறைத்தால்தான் இனி ஆர்டர் என்றது. சென்சார்களை மாட்டினேன். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஓடின; எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடிவிட்டு முடிச்சூரில் வீட்டோடு இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு மதியம், அலுத்துப்போய், அதே பாகங்களைச் செய்யும் பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போனேன். அதை நடத்தும் பெண்மணியிடம் அதுவரை நான் பேசியதே இல்லை. அவர் என்னை உட்காரவைத்து, என் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, தன் திரையையே என் பக்கம் திருப்பினார்.

“பாருங்க சார், லஞ்ச் டைம்ல மெஷின் எல்லாம் நிக்குது. மெஷினுக்குக் காத்து அனுப்புற கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. எங்கேயோ காத்து லீக் ஆகுதுன்னு அர்த்தம். உங்க யூனிட்லயும் முதல்ல இதைப் பாருங்க.”

“நான் மூடிட்டா என் ஆர்டரும் உங்களுக்குத்தானே மேடம் வரும்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வரும் சார். ஆனா இதையெல்லாம் பேச எனக்கும் ஒரு ஆள் வேணாமா?”

மறுநாள் எங்கள் காற்றுக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தோம்; கரண்ட் குறைந்தது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அலுப்பும் போகவில்லை, அடுத்து என்ன கேட்பார்களோ என்ற கவலை அப்படியே இருக்கிறது. புரியாதபோது அவருக்குப் போன் செய்கிறேன். சில நாள் அவரே கூப்பிட்டு, “இன்னைக்கு முடியல சார்” என்கிறார். எனக்கும்தான் என்கிறேன். அதைச் சொல்ல ஒருவர் இருப்பதே அடுத்த நாள் ஷட்டரைத் தூக்கப் போதுமாக இருக்கிறது.