ஓர் ஆளுக்கு இடம்

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஓர் ஆளுக்கு இடமிருந்தாலும் கூவிக் கூவி அழைப்பார்கள். என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது என் உடம்புக்கு இரண்டு ஆள் இடம் வேண்டியிருந்தது. ஒருநாள் ரோஷத்தில் மெட்ரோ ஸ்டேஷன் வரை நடந்தே போனேன். மறுநாளும் நடந்தேன். சோற்றைக் குறைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் டயட் கேட்கிறார்கள். “மொதல்ல தினமும் போற வழியை நடந்து போங்க. சோத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்பேன்.

போன வாரம் ஓர் ஆட்டோ என்னருகே வந்து நின்றது. பின்னால் மூன்று பேர். டிரைவர் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, “ஆஷுன் தாதா, ஏக்ஜோன்!” என்றார். வாங்கண்ணா, ஒருத்தருக்கு இடமிருக்கு என்கிறார். என்னைப் பார்த்து!

“நீ போப்பா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.