இரண்டு கட்டத்தை அடைக்கும் பொம்மை

பொய்ப்பல் செய்வது அவருடைய தொழில். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில், பல் நிறங்கள் பதினாறில் அவருக்கு எது பொருந்தும் என்று சொல்லிவிடுவார். பல் டாக்டர்களே நிற மாதிரித் தட்டை வைத்துச் சரிபார்த்துவிட்டு, அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்வார்கள். கர்வம் இருக்காதா? இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாததால் அடக்கமானவர் என்ற பெயரும் இலவசமாகக் கிடைத்தது.

அந்தக் கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஞாயிறு மதியம் சைக்கிள் கடை மாடியில் ஐந்து பேர் கூடி விளையாடுவார்கள். ஆளுக்கொரு வேடம்: ஒருவர் திருடி, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி. கடைக்காரர் கதையை நடத்துவார். எதிரே ஒரு கதவு இருக்கிறது, திறக்கிறீர்களா என்பார். திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். மேஜையில் கட்டம் போட்ட தாள் விரித்திருக்கும். அதில் ஒவ்வொருவருக்கும் பதிலாகக் கட்டைவிரல் உயரப் பொம்மை ஒன்று நிற்கும். பொம்மையின் அடித்தட்டு நுழையாத இடத்தில் ஆளும் நுழைய முடியாது என்பது விதி.

அங்கே தன் பொம்மையைத் தானே யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. புது வேடம் கட்டுகிறவர் தன் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்வார். பல்லுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு எழுந்துபோய், சுவரோர அலமாரியில் உள்ள இருபத்துநாலு இழுப்பறைகளில் ஒன்றைத் திறந்து, ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைப்பார். எல்லாம் அவரே தேடி வாங்கி, பல்லுக்குச் சாயம் பூசும் தூரிகையால் வண்ணம் தீட்டியவை. ஒன்பது வருடமாக ஒருவரும் மாற்றித் தரச் சொன்னதில்லை. பல்லுக்காரர் எடுத்தால் அதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்பு லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பல்லுக்காரர் அவருக்கு வாயளவில்தான் ‘ர்’ போட்டார், மனசுக்குள் ‘ன்’ தான். நாம் மரியாதையாகவே சொல்வோம். லிஃப்ட்காரர் பல்லுக்காரரை அண்ணே என்பார், பல்லுக்காரரின் மனைவியை அக்கா என்பார். அக்கா என்று கூப்பிடுகிறவர்மேல் சந்தேகப்படவும் வழியில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். இரண்டு வருடமாக அவரும் ஆட்டத்தில் சேர்ந்து விளையாடுகிறார். அவருக்குப் பல்லுக்காரர் இதுவரை மூன்று பொம்மை எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றும் இளம்பெண்கள், நீண்ட கூந்தல், மெல்லிய வாள், காற்றில் பறக்கும் அங்கி. கண்ணிமைக்குக்கூட வண்ணம் வைத்திருந்தார். மற்றவர்களின் பொம்மைக்கு இரண்டு நாள் என்றால் அவருடையதற்கு இரண்டு வாரம்.

ஒரு ஞாயிறு ஆட்டத்தில் மூன்றாவது பெண் ஒரு பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போனாள். மனைவி புது ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நிறையப் பார்த்தவள், யாருக்கும் பயப்படமாட்டாள், வாய் கொஞ்சம் நீளம். பல்லுக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. அதற்குள் லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். கூன் விழுந்த கிழவி. ஒரு கையில் கோல், மறு கையில் செத்த கோழி. சாயம்கூடப் பூசாத வெறும் சாம்பல் நிறம்.

மனைவி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதேதான், இவளேதான் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

பல்லுக்காரரும் கிழவியை உற்றுப் பார்த்தார். லிஃப்ட்காரர் பிழையாக எடுத்திருந்தால் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அது சரியாக இருந்தது. அவர் மனதில் எடுத்து வைத்திருந்தது இன்னொரு நீண்ட கூந்தல்காரி. மறுநாள் பட்டறையில் ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டை இடம்வலம் மாற்றி அடுக்கினார். கிழவி அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் குடியேறினாள். மனைவி அவளுக்குத் தானே வண்ணம் பூசினார், அதுவும் மோசமாக.

இரண்டு வாரம் கழித்து லிஃப்ட்காரரின் ஆளுக்கு ஆயுள் முடிந்தது. அவர் வழக்கப்படி பல்லுக்காரர் பக்கம் திரும்பிப் புது ஆளைச் சொன்னார். ஒல்லி; சுவரில் ஏறுவான்; குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வருவான்; ஒரு இடத்தில் நிற்க முடியாதவன். அண்ணன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

பல்லுக்காரருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஏழாவது இழுப்பறை. ஒரு கால் மட்டும் தரையில் ஊன்றி, தோளில் கயிற்றுச் சுருளோடு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் ஒல்லிப் பயல். லிஃப்ட்காரரை உரித்து வைத்த மாதிரி இருப்பான். பல்லுக்காரர் ஏழாவது இழுப்பறையைத் திறந்தார், அவனைப் பார்த்தார், மூடினார். கீழ்வரிசையிலிருந்து தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட தடியனை எடுத்துவந்து வைத்தார். அவனுடைய அடித்தட்டு இரண்டு கட்டத்தை அடைக்கும்.

மற்றவர்கள் தடியனையும் லிஃப்ட்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு கடைக்காரர், பல்லுக்காரர் எடுத்தால் காரணம் இருக்கும் என்றார். ஆட்டம் தொடங்கியது. சுரங்கப்பாதை ஒரு கட்ட அகலம். மற்றவர்கள் உள்ளே போனார்கள். தடியன் வாசலிலேயே நின்றான். மதியம் முழுவதும் லிஃப்ட்காரர் பகடையைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் வரவில்லை. பல்லுக்காரருக்குக் குளுகுளுவென்று இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுந்திருக்கும்போது லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “புரிஞ்சுதுண்ணே. நான் எல்லாத்துலயும் முந்திக்கிறேன், கொஞ்சம் நின்னு பாருன்னு சொல்றீங்க. வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க” என்றார். பல்லுக்காரர் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி படியிறங்கி, சைக்கிள் நிறுத்தும் இடம்வரை வந்து கேட்டார்.

“ஏழாவதைத் திறந்து மூடினீங்களே. அதுல அவருக்கு ஏத்தது இருந்துச்சு, இல்ல?”

“இருந்துச்சு.”

“தெரிஞ்சேதான் தப்பா எடுத்துக் குடுத்தீங்க.”

பல்லுக்காரர் பூட்டைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டார். பொறாமையில் செய்துவிட்டேன், அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

“அது இருக்கட்டும்” என்றார் மனைவி. “எனக்கு மூணு பொம்மை எடுத்தீங்களே, அதெல்லாமும் தெரிஞ்சே தப்பா எடுத்ததுதானா?”

“அது சத்தியமா உனக்குப் பொருந்தும்னு நினைச்சுத்தான் எடுத்தேன்.”

மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான்கடி நடந்துவிட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“பிடிக்காத ஆளை மூணு மாசத்துல இவ்வளவு சரியா பார்த்து வெச்சிருக்கீங்க.”